முட்டைக்கரு க்ரீமும் பீரோவில் இருந்த மெழுகும்

திருச்செங்கோடு,
மாசி, ஞாயிறு காலை.

அன்பு மகள் தீபிகாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று உன் அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். என்னைத் தனியாகக் கேட்டால் வேறு மாதிரி சொல்வேன், ஆனால் இந்த வீட்டில் என்னைத் தனியாகக் கேட்கிறவர் யார். அந்தக் கனடாக் குளிரில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று மலைமேல் இருக்கும் அர்த்தநாரீசுவரரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போது அங்கே என்ன குழம்பு என்று உன்னைக் கேட்கிறாள். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

குளிரில் கை வெடிக்கிறது, கடை க்ரீம் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டிலேயே செய்யப்போகிறேன், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்க எந்த எமல்சிஃபயர் போடலாம், யாருக்காவது தெரியுமா என்று பொங்கல் முடிந்த கையோடு நீ குடும்பக் குழுவில் கேட்டிருந்தாய். யாருக்காவது! நான் எம்.எஸ்சி. வேதியியல். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பால்மம் என்றால் என்ன, பால்மக்காரணி என்றால் என்ன என்று நடத்திக்கொண்டிருக்கிறேன். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில் தாளாளரின் பி.காம். மருமகனை உட்கார வைத்தார்களே, அந்த ஆளே இதில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவான். நீ வரவில்லை. பொதுவில் கேட்டாய், பொதுவில் பதிலும் வந்தது. முதல் ஆளாக உன் மாமன் காளிதாஸ், முட்ட மஞ்சக்கருவப் போடு சாமி, கம்முனு ஒட்டிக்கும் என்று எழுதினான். புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவனுக்கு உலகத்தில் எந்தக் குறைக்கும் முட்டைதான் மருந்து. அதற்கு உன் அம்மா ஒரு கைதட்டலும் ஒரு ரோஜாப்பூவும் போட்டாள். நான் படித்தேன், பதில் போடவில்லை. நான் படித்தது உனக்கு நீல டிக்கில் தெரிந்திருக்கும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. காளிதாஸ் மகளுக்கு இந்த மாசிக் கடைசியில் கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சின்ன டப்பா க்ரீம், மணப்பெண்ணின் அத்தை கையால் செய்தது, வருகிற பெண்களுக்கெல்லாம் கொடுக்கலாம் என்று உன் அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதோடு நிற்காமல் தம்பி பொண்டாட்டி சரிதாவிடம் வாக்கும் கொடுத்துவிட்டு வந்தாள். சரிதா நல்லவள்தான், ஆனால் யாராவது சொன்னதைச் செய்யாமல் போனால் பேரன் பேத்தி காலம்வரை நினைவில் வைத்திருப்பாள். அந்த ஒரு குணத்துக்காக அவள்மேல் எனக்கு மரியாதை உண்டு. க்ரீம் பிரிந்தால் உன் அம்மா பிறந்த வீட்டுப் பந்தலில் தலைகாட்ட முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

முதலில் தம்பி பேச்சைக் கேட்டு மஞ்சள்கருவில் செய்தாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், க்ரீம் சேர்ந்துவிட்டது. மஞ்சள்கருவில் லெசித்தின் இருக்கிறது, அது ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். காளிதாசுக்கு இது தெரியாது, தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டான், எனக்கு அதில்தான் அதிக எரிச்சல். ஆனால் முட்டை நமக்கு எப்படி உணவோ அப்படியே கிருமிக்கும் உணவு. நாலு நாளில் டப்பாவைத் திறந்தால் பக்கத்துத் தெருப் பூனை வந்து நின்றது. உன் அம்மா விடாமல் அதையே முகத்தில் பூசிக்கொண்டு வாசலில் கோலம் போட, எதிர்வீட்டு ராஜம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஏனுங் சௌந்திரம், சனிக்கெழம அதுவுமா ஆம்லேட்டுங்களா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். உன் அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சேலத்தில் ஒரு வேலை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி, செவ்வாய்ப்பேட்டையில் ரசாயனம் விற்கிற கடையில் எமல்சிஃபையிங் வேக்ஸ், அதாவது எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிற மெழுகு, வாங்கி வந்தேன். வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சின்ன மணிகளாக இருக்கும். கூடவே கெடாமல் இருக்கப் போடும் மருந்தும் ஒரு பாட்டில். இரண்டையும் பீரோவில் என் பனியன்களுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம் என்றுதான். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஜவ்வரிசியைக் காய்ச்சிக் கஞ்சியாக்கி, தேங்காயெண்ணெயைக் கொட்டிக் கடைந்தாள். ஜவ்வரிசி தயாராகிற இந்தச் சீமையில் அதற்கு மூலமான மரவள்ளிக் கிழங்கால் ஆகாத காரியம் இல்லை என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. பார்க்கக் கெட்டியாக, அழகாகத்தான் வந்தது. கெட்டியாவது வேறு, சேர்வது வேறு, தீபிகா. தேன்மெழுகும் அப்படித்தான், தனியாகப் போட்டால் கெட்டியாக்குமே தவிர இரண்டையும் பிடித்து வைக்காது. நம் ஊர் மாசி வெயிலில் இரண்டு மத்தியானம் தாங்கவில்லை, மேலே எண்ணெய், கீழே கஞ்சி. முன்பே சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். கூப்பிடாத வகுப்பில் நான் பாடம் நடத்துவதில்லை.

இந்த நேரத்தில்தான் காளிதாஸ் பத்திரிகை வைக்க வந்தான். முன்பு அவன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அழைக்க வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே நின்றபடி, மாமோவ், அவசரமுங்க, வந்துருங்க என்று கத்திவிட்டு, வெற்றிலை பாக்கை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். குளியலறைக் கதவுக்கு வைத்த அழைப்புக்கு நான் போகவில்லை, அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. இந்த முறை காரணம் சொல்ல இடம் கொடுக்கக் கூடாதென்று, அவர்கள் பத்திரிகை வைக்கத் தொடங்கிய நாள் முதல் விடிவதற்குள் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, பள்ளி நேரம் போக முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தான், தட்டை நீட்டினான், நீங்கதானுங் மாமா முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணும் என்றான். வாங்கிப் பிரித்துப் பார்க்கிறேன், போர்வெல் லாரி வைத்திருக்கும் சம்பந்தியின் பெயருக்குப் பின்னால் ரிக்ஸ் என்று அவர் தொழிலைக்கூடப் போட்டிருக்கிறது, என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி. இல்லை. அதைக் கேட்கலாம் என்று வாயெடுக்கும்போது உன் அம்மா அடுக்களையிலிருந்து பிரிந்துபோன டப்பாவோடு வந்து, தம்பி முன்னால் பொலபொலவென்று அழுதுவிட்டாள். சரிதா மூஞ்சில எப்படி முழிப்பேன் சாமி என்றாள். அவன் டப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு என் பக்கம் திரும்பி, ஏனுங் மாமா, நீங்க கெமிஸ்ட்ரிதானுங்களே, இது ஏனுங் பிரியுது என்று கேட்டான்.

நான் எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன். மெழுகைக் கொண்டுவந்து இருவர் முன்னாலும் வைத்தேன். பனியனுக்குள்ள வெச்சுக்கிட்டா மாமா இத்தன நாளாப் பேப்பர் படிச்சீங்க என்றான் அவன். ஒருத்தரும் கேக்கலையே என்றேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது, ஆனால் அழுகை நின்றுவிட்டது.

நீ செய்யும்போதும் இப்படியே செய். எண்ணெயில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மெழுகு. எண்ணெயும் மெழுகும் ஒரு பாத்திரத்தில், காய்ச்சி வடித்த தண்ணீர் இன்னொன்றில், இரண்டையும் எழுபது டிகிரிக்குத் தனித்தனியே சூடாக்கி ஒன்றாக ஊற்றி, ஆறும்வரை கலக்கு. ஒன்று சூடாகவும் ஒன்று ஆறியும் இருந்தால் மெழுகு திரிதிரியாகிவிடும். கை சூடு அளவுக்கு ஆறிய பிறகு கெடாமலிருக்கும் மருந்து, பாட்டிலில் போட்டிருக்கும் அளவு, அதை மட்டும் விட்டுவிடாதே. சோயா லெசித்தின் நல்லது என்று யாராவது சொல்வார்கள், சேரும், ஆனால் கை பிசுபிசுக்கும். ஆலிவிலிருந்து எடுத்த பால்மக்காரணியில் செய்தால் பூச லேசாக இருக்கும், விலை அதிகம். போராக்சும் தேன்மெழுகும் சேர்க்கிற பழைய முறையும் உண்டு, வெடித்த கைக்கு அது எரியும், உனக்கு வேண்டாம். அங்கே கடையில் எமல்சிஃபையிங் வேக்ஸ் என்றே கேள், வெறும் வேக்ஸ் என்று கேட்டால் மெழுகுவத்தி மெழுகைக் கொடுத்துவிடுவான்.

மூவரும் சேர்ந்துதான் செய்தோம். காளிதாஸ் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான், சும்மா சொல்லக்கூடாது, சரியாகப் பிடித்தான். டப்பாக்களில் சிலவற்றை அவன் பண்ணைத் தகரக் கூரைமேல் வெயிலில் வைக்கச் சொன்னேன். அதைப் பார்க்கத்தான் புதுச்சத்திரம் போனேன், வேறு எதற்கும் இல்லை. சரிதா காபி கொடுத்தாள், சர்க்கரை அதிகம், குடித்தேன். ஒரு வாரமாகியும் ஒரு டப்பாகூடப் பிரியவில்லை. இதை வைத்து எண்ணெய் யார், தண்ணீர் யார், நடுவில் மெழுகு யார் என்று நீ எதையாவது குழுவில் எழுதி அழவைக்காதே, நான் வேதியியல் மட்டும்தான் சொல்கிறேன்.

கல்யாணத்துக்குப் போகிறேன், முன்னாலும் நிற்பேன். பந்தியில் எங்கே உட்கார வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. காளிதாஸ் குழுவில் மாமாவக் கேளுங்க என்று எழுதிவைத்ததிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் முடி கொட்டுகிறது, பித்தவெடிப்பு என்று என்னையே கூப்பிடுகிறார்கள், பெரிய தொந்தரவு. போன் எப்போதும் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

இதோடு ஒரு டப்பா வைத்திருக்கிறேன், கூரையில் காய்ந்ததில் ஒன்று. படுக்கப் போகும்போது கையில் பூசு, பூசிவிட்டு வெறுங்கையோடு பனியில் இறங்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. எல்லாம் உனக்கு நல்லபடியாக அமைய வேண்டும். அடுத்த முறை ஏதாவது சந்தேகம் வந்தால் உன் அம்மா எண்ணுக்கு வேண்டாம், குழுவும் வேண்டாம், என் எண்ணுக்கு அடி. உனக்குத் தெரிந்ததையே கேட்டாலும் சொல்வேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா,
ஜெயபிரகாஷ், எம்.எஸ்சி.