சோபாவில் வந்த வாடை

அன்பு மகன் எபிநேசருக்கு, வேலூரிலிருந்து அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை கேத்தரினும் இங்கே சுகம். கிளாஸ்கோ குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். ஜெபத்தோடு நீ ஒரு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டால் கர்த்தருக்கு வேலை கம்மியாகும். வீடியோவில் எப்போது பார்த்தாலும் பனியனோடு நிற்கிறாய். இங்கே இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உனக்கு அங்கே பனி. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் அப்பா நடுவில் புகுந்து கதையைத் தனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன், கேத்தரின் இதைப் படம் பிடித்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள்.

அவள் வேலை பார்க்கிற ஆம்பூர் ஷூ கம்பெனியில் போன மாதம் ஒரு வகுப்பு எடுத்தார்களாம், வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்கள் சொல்லித்தான். ஒருத்தரைப் பார்த்ததும் நமக்கே தெரியாமல் நம் மனசு அவர் இப்படிப்பட்டவர் என்று முடிவு கட்டிவிடுமாம். யாரை வேலைக்கு எடுப்பது, யாரை சூப்பர்வைசர் ஆக்குவது எல்லாமே அதில் கெட்டுப்போகிறதாம். ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்து அதை அப்படியே எனக்கும் நடத்தினாள். நல்ல விஷயம்தான், உங்கள் மேனேஜருக்கு முதலில் நடத்தச் சொல் என்றேன். எனக்கெல்லாம் அது எதற்கு என்றுதான் நினைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சர்ச் கொயரில் கேத்தரினோடு பாடுகிற நத்தானியேலைப் பற்றி அவள் உன்னிடம் எனக்கு முன்பே சொல்லியிருப்பாள், தெரியும், இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, அடக்கமான பையன். போன ஞாயிறு சாயங்காலம் பெற்றவர்களோடு பெண் பார்க்க வந்தான். சொந்த ஊர் பேரணாம்பட்டு. அவன் அப்பா ஜீவரத்தினம் அங்கே தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் பச்சைத்தோல் ஊறவைக்கிற தொட்டியில் வேலை பார்த்தவர், உடம்பு முடியாமல் நின்றுவிட்டார். நான் லாங் பஜாரில் புதுத் திரைச்சீலை எல்லாம் வாங்கிப் போட்டு வீட்டை ஜோராக வைத்திருந்தேன். பையனையும் அவன் அம்மாவையும் சோபாவில் உட்கார வைத்தேன். அவன் அப்பா மட்டும் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் வாசல் பக்கம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சோபாவில் இருந்தவர்களுக்குக் காபி கொடுக்கக் குனிந்தபோது எனக்கு அந்த வாடை வந்தது. ஐயோ, டேனரி வாடை என்று என் மனசு உடனே சொல்லிவிட்டது. அந்த மனிதர் தள்ளி உட்கார்ந்ததும் நல்லதுதான் என்றுகூட நினைத்தேன் எபி. கேக்கைக்கூடச் சரியாகச் சாப்பிடாமல் அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் போனதும் அப்பாவிடம் கேட்டேன். மூக்கை இழுத்துப் பார்த்து, ஆமாம் பச்சைத்தோல் வாடையேதான் என்று அவரும் சர்டிபிகேட் கொடுத்தார். காலமெல்லாம் ஷூ கம்பெனி ஸ்டோரில் தோலைக் கட்டியழுது ரிட்டயர் ஆன மூக்கு, நம்பாமல் இருக்க முடியுமா. இந்த வீட்டில் நாம் சாப்பிட்ட சோறும் நீ படித்த படிப்பும் தோல் கொடுத்ததுதான். ஆனால் பாலிஷ் போட்டு டப்பாவில் வந்தால் அது நமக்குக் கௌரவம், தொட்டியில் இறங்கி ஊறவைக்கிறவர் வந்தால் வாடை. வாடை என்கிற ஒரு வார்த்தைக்குள் நாம் வேறு எதையெல்லாம் வைத்துப் பேசுகிறோம் என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கேத்தரினிடம் இந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எக்ஸ்ரே எடுக்கிறவர் மேல் எப்படி அந்த வாடை வரும் என்று கேட்டாள். வீட்டில் இருப்பது துணியில் ஏறும் என்றேன். மறுநாள் காலையில் டிபன் டப்பாவைக்கூட எடுக்காமல் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அழுதிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சோபா உறையைத் துவைத்துப் போட்டேன், வாடை போகவில்லை. செவ்வாய்க்கிழமை இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது. அப்பாவும் நானும் சோபாவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடித்துணியைக் கடித்து ஓட்டை போட்டு உள்ளே போய்ச் செத்துக்கிடக்கிறது ஒரு எலி. அப்பா வைத்த மருந்து. எலி மருந்தை வைத்ததை மறந்தேவிட்டேன் என்கிறார், கேளு கூத்தை. அவர் மூக்கைப் பற்றி நான் இப்போது ஒன்றும் சொல்வதில்லை, வீட்டில் சமாதானம் வேண்டும். அப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்தது, ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்பும்போதே ஏதோ வாடை என்று நானே ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போனேன். பையனைப் பெற்றவர்கள் அப்போது பேரணாம்பட்டில் பஸ்கூட ஏறியிருக்க மாட்டார்கள்.

கேத்தரின் வீட்டுக்கு வந்ததும் எலியைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, அவங்களுக்குப் போன் போடும்மா என்று மட்டும் சொன்னாள். போட்டேன். மறுபடியும் எல்லோரும் வாருங்கள் என்றதும், நானும் பையனும் வர்றோம், அவர் வரமாட்டார் என்றார் நத்தானியேலின் அம்மா. ஏன் என்று நான் விடாமல் கேட்கவும் மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கு உங்க வீட்ல ஒரு வாடை வந்துச்சும்மா. எங்க மேலதான் வருதுன்னு நெனச்சிட்டாரு. ரெண்டு வாட்டி குளிச்சிட்டு, புதுச் சட்ட போட்டுக்கினுதான் வந்தாரு. என்னாலதான் புள்ள கல்யாணம் நிக்கப்போவுதுன்னு அன்னிலேர்ந்து சரியா சாப்புடறதில்ல."

எபி, நானாவது அடுத்தவர் மேல் பழியைப் போட்டேன், அந்த மனிதர் தன் மேலேயே போட்டுக்கொண்டு போயிருக்கிறார். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அண்ணே, அது எங்கள் வீட்டு எலி, சோபாவுக்குள்ளே செத்துக்கிடந்தது என்று சொன்னேன்.  அவர் கேட்டார், "நெஜமா எலிதானாம்மா?" நிஜமாகத்தான் அண்ணே என்றேன். நான் நினைத்த மிச்சத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேத்தரினுக்குத் தெரியும், இனி உனக்கும் தெரியும். கல்யாணத்துக்குச் சம்மதம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். வரும் ஞாயிறு மூன்று பேரும் சாப்பிட வருகிறார்கள், பிரியாணி செய்கிறேன். ஜீவரத்தினம் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் போனை வைக்கும்போது மறுபடியும் கேட்டார், எலிதானே என்று.

வேளாவேளைக்குச் சாப்பிடு, அந்த அறைத்தோழனோடு சண்டை போடாதே, சர்ச்சுக்குப் போகாமல் இருக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ கைவைக்கிற காரியமெல்லாம் வாய்க்கப்பண்ணுவாராக. ஒன்றை மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவருக்கு நீ ஒரு போன் போடு. அங்கிள் என்று கூப்பிடாதே, மாமா என்று கூப்பிடு. மற்ற பேச்செல்லாம் பேசிவிட்டு அந்த எலிக் கதையை நீயும் ஒரு தரம் சொல்லு. நான் சொன்னதை அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
இன்பம் தேவானந்தம்