மலையாள அவசரம்

அக்டோபர் 14, செவ்வாய்

மகள் ஜெனி தான் ஆசைப்படும் பல்கலைக்கழகத்துக்கு இந்த மாதமே விண்ணப்பிக்க வேண்டும் என்கிறாள். முதல் சுற்றில் இடம் கிடைத்தால் அங்கேயே சேர்ந்தாக வேண்டும், பின்வாங்க முடியாது. ஜனவரியில் இன்னொரு சுற்று இருக்கிறது. அரையாண்டு மதிப்பெண்ணோடு அப்போது அனுப்பலாம் என்பது என் கட்சி.

மதியம், நெய்யாற்றின்கரையில் பஸ்சுக்கு நிற்கும்போது அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "அப்பா, இது எனக்க அவசரமாக்கும். விடமாட்டேன்." படித்ததும் எரிச்சல் வந்தது. வீட்டில் நுழைந்ததும் கேட்டேன்.

"எதுக்கு மோளே இத்தனை அவசரம்? ஜனவரியில போட்டா போராதா?"

"அப்பா, நான் சொன்னது மலையாள அவசரமாக்கும். வாய்ப்பு உண்டுல்லா, அது."

"எம்.ஏ. தமிழுக்கு ஒரு மெசேஜ் வாசிக்கத் தெரியல்ல," என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

நான் சிரிக்கவில்லை. எனக்கு டெல்லியில் படிக்க இடம் வந்தபோது, "அவசரப்படாதே, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றான் அண்ணன். அடுத்த வருடம் இடம் வரவில்லை. அவன் பிள்ளைகளின் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை. இன்று அவன் பேச்சையே நானும் பேசியிருக்கிறேன். அதற்காக அவனை மன்னித்துவிடப் போவதில்லை.

சாப்பிடும்போது கேட்டேன். "விண்ணப்பத்துக்குள்ள கட்டுரை முடிஞ்சுதா?"

"கடைசி பத்தி பாக்கி உண்டு."

"நாளைக்கு எழுது. வெள்ளிக்கிழமை அனுப்பிடலாம்."

அவள் தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினாள்.

இடம் கிடைக்கும் என்றுதான் தோன்றுகிறது. அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. போய்ப் படுக்கச் சொல்லலாம் என்று எழுந்தேன். சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டேன்.