இறுதிப் போட்டியன்று மூடியிருந்த தளம்

செவ்வாய், 3

எங்கள் ரசிகர் குழுத் தலைவரை ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவிக்கு இந்த வாரம் பிரசவம். அதனால் அவர் ஆறு வருடமாக நடத்திய எங்கள் பெண்கள் கால்பந்து அணியின் ரசிகர் தளம் இனி என் கையில். “எல்லாத்தையும் நோண்டிக்கிட்டே இருப்பல்ல, நீயே வச்சுக்க” என்று எழுதியிருந்தார். உறுப்பினர்கள் நாற்பது பேர். வேலைக்கு வந்த இந்த ஊரில் நான் மனம்விட்டுப் பேசுவது அவர்களோடு மட்டும்தான். சனிக்கிழமை இறுதிப் போட்டி. அதற்குள் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும்.

புதன், 4

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழையும் ரகசியச் சாவியையும் கேப்டன் ஒரே பிஎஃப்எக்ஸ் கோப்பாக, பாஸ்வேர்டு போட்டு அனுப்பியிருக்கிறார். புதிய சர்வர் இரண்டையும் தனித்தனி பெம் கோப்பாகக் கேட்கிறது. பைத்தான் நிரல்மொழியில் பத்தொன்பது வரி எழுதினேன். பிரிந்துவிட்டது! அறைக்குள் ஒரு சுற்று ஓடினேன். அக்காவுக்கு போன் போட்டு விளக்கினேன். “சரி, சாப்டியா?” என்றாள்.

வியாழன், 5

கம்ப்யூட்டரில் தளம் சரியாகத் திறக்கிறது. போனில் மட்டும் ‘பாதுகாப்பற்றது’ என்கிறது. ஏன்?

வெள்ளி, 6

எங்கே தப்பு என்று கேட்டு, திரையில் வந்ததை அப்படியே ஒரு பொது இணைய மன்றத்தில் ஒட்டினேன். யாரோ பதில் போட்டார்: “நடுவுல இணைக்கிற இடைச் சான்றிதழை விட்டுட்டீங்க, அதான் போன் நம்பல. அது கெடக்கட்டும் தம்பி, சாவியையும் சேத்து ஒட்டியிருக்கீங்க. மொதல்ல அழிங்க.”

தம்பியாம்; நான் பொண்ணுன்னு தோணவே இல்ல போல. கோபப்படக்கூட நேரமில்லை. அழித்தேன். நாலு நிமிஷம் கிடந்திருக்கு. யாரு எடுத்தாங்களோ. அந்தச் சாவி இருந்தா எவனும் எங்க தளம் மாதிரி வேஷம் போட்டு நாப்பது பேரோட பாஸ்வேர்டையும் வாங்கிடலாம். நாளைக்கு மேட்ச். சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?

— எனக்குத் தெரியும்.

கேப்டனிடம் சொல்லிவிட்டு, தளத்தை நானே நிறுத்தினேன். “ஆஸ்பத்திரில இருக்கேன். திங்கக்கிழமை பாக்கறேன்.” என்று மட்டும் பதில் எழுதினார். திட்டியிருக்கலாம்.

சனி, 7

மூன்றுக்கு இரண்டு. ஜெயித்துவிட்டோம். தனியாகக் கத்தினேன். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.

ஞாயிறு, 8

எல்லோரும் வேறெங்கோ குழு ஆரம்பித்துப் பேசுகிறார்களாம். என்னைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய், 10

கேப்டன் பழைய சான்றிதழை ரத்து செய்துவிட்டார். புதிய சாவியை சர்வரிலேயே உருவாக்கினேன்; அது அங்கிருந்து நகரவே இல்லை. இடைச் சான்றிதழையும் சேர்த்தேன். தளத்தைத் திறந்து, நடந்ததை முகப்பில் எழுதி, எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னேன். மாலை வரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு கேப்டன் தளத்துக்கு வந்தார். “பொண்ணு பொறந்திருக்கா. நான் மேட்ச் பாக்கவே இல்ல. மொதல் நிமிஷத்துலேருந்து சொல்லு.”

எழுத ஆரம்பித்தேன். இரண்டாவது கோலுக்கு வந்தபோது, இன்னும் மூன்று பேர் படித்துக்கொண்டிருப்பதாகத் தளம் காட்டியது. வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.