கல்லுக்குப் பெரிய ற

ஆவணி 12, செவ்வாய்க்கிழமை.

சிறுநீர்க் குழாய்க் கல்லுக்கு இன்று ஆபரேஷன் என்றார்கள். தாளில் கைநாட்டு வைக்க நர்ஸ் மைப்பெட்டியை நீட்டினாள்.

"பேனா தா மக்கா" என்றேன்.

எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்தேன். 'வேறு வழிகளும் எனக்கு விளக்கப்பட்டன' என்றிருந்தது.

"எனக்கு ஆரும் சொல்லலியே டாக்டரே!"

டாக்டர் சிரித்தபடி உட்கார்ந்து விளக்கினார். கல் சின்னது. நான்கு வாரத்தில் தானாக இறங்கலாம். காய்ச்சல் வந்தாலோ வலி தாங்காவிட்டாலோ உடனே வரவேண்டும்.

'நான்கு வாரம் பொறுக்கிறேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக் காலண்டரில் 'கல் இரங்கும்' என்று எழுதினேன். மகள் சிரித்தாள்.

"அப்பா, கல்லுக்குப் பெரிய ற. இது மனசு இரங்குகதுல்லா!"

இடுப்பு இப்போதும் வலிக்கிறது. நான் அதைத் திருத்தவில்லை. இரங்கினால்தானே இறங்கும்.