அம்மா ஃபிலிம் கழுவுகிறாள்

பிப்ரவரி 9

என் அவசரக்குடுக்கைக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா, சரி வச்சிடறேன்" என்று நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுகிறாய். இந்தச் சேதி அதற்குள் அடங்காது.

நான் கேமரா வாங்கிவிட்டேன்! ஒன்றில்லை, மூன்று!

பல் ஆஸ்பத்திரிக்கு நான் வேலைக்குப் போகிற வழியில் பழைய சாமான் கடை இருக்கிறதே, அங்கே ஓடாத கடிகாரங்களுக்கு நடுவில் கிடந்தன. ஒன்று முழுக்க உலோகம், இஸ்திரிப்பெட்டி கனம். இன்னொன்று எடுத்த கையோடு படத்தை வெளியே தள்ளுகிற ரகம். டாக்டர் "ஆ காட்டுங்க" என்றதும் நாக்கை நீட்டுவார்களே, அப்படித் தள்ளுகிறது. மூன்றாவது நீல பிளாஸ்டிக். பொம்மையேதான். அதன் மேல்தான் எனக்கு உயிர்.

எடுத்த எடுப்பிலேயே மானம் போன கதையைக் கேள். உலோகக் கேமராவில் ஃபிலிம் போட்டு ஆஸ்பத்திரியில் ஒருவரை விடவில்லை. டாக்டரையே நாற்காலியில் படுக்கவைத்து வாயைத் திறக்கச் சொல்லி எடுத்தேன். நர்ஸ் தலையை வாரிக்கொண்டு இரண்டாவது தடவை வந்து நின்றாள். முப்பத்தாறு படம்தான் வரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எனக்கோ எண் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அடடா, நமக்கு யோகம் அடித்திருக்கிறது என்று வாசலில் நின்ற நாயைக்கூட எடுத்தேன். கடைசியில் ஸ்டூடியோக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, ஃபிலிம் உள்ள மாட்டவே இல்ல. இருந்த இடத்துலயே இருக்கு" என்றார். ஒரு படம் இல்லை! டாக்டர் தினமும் "என் படம் என்னாச்சு?" என்று கேட்கிறார். நான் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டு நழுவிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். உங்கப்பா போனபிறகு நான் அப்படிச் சிரித்ததே இல்லை.

மருமகளைக் கேட்டதாகச் சொல். நான் கூப்பிடும்போதெல்லாம் தூங்குகிறாள் என்கிறாய். முழித்திருக்கும்போது ஒருநாள் பேசச் சொல்லேன்.

அன்புடன்,
மூன்று கேமராக்காரி

மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் படித்துவிட்டுச் சிரித்தேன், பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். யார் யாருடைய சமையலறைக்கோ அலமாரி வரைவதுதான் என் பிழைப்பு. அங்கே சிரிப்புச் சத்தம் புதுசு.

கேமராவெல்லாம் சரி அம்மா. ஃபோனில் நான் கேட்டதற்கு மட்டும் பதிலே எழுதவில்லையே. எத்தனை நாள் அங்கே தனியாக இருப்பாய்? வேலையை விட்டுவிடு. வீட்டை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடு. உனக்கென்று ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது. உன்னைப் பார்த்துக்கொள்ளாமல் எனக்கு இங்கே நிம்மதி இல்லை.

அவளுக்கு வேலை அதிகம். உன்னை ரொம்ப விசாரித்தாள். தேதியை மட்டும் சொல், டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மகன்

மார்ச் 23

என் செல்லத்துக்கு,

டிக்கெட்டைக் கொஞ்சம் ஓரமாக வை. முதலில் இந்த உறையில் இருப்பதை எடுத்துப் பார். பார்த்தாயா? உள்ளங்கை அளவுதான், ஓரமெல்லாம் மங்கல்தான், ஆனால் நம் வீட்டு மாடிப்படி! பொம்மைக் கேமராவில் நானே எடுத்து, நானே ஃபிலிம் கழுவி, நானே போட்ட பிரிண்ட்!

உன் அறையில்தான். கோபப்படாதே. கட்டிலைச் சுவரோரம் நிறுத்திவிட்டு ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியதும் இருட்டறையில் எரிந்த பழைய சிவப்பு விளக்கை டாக்டர் தூக்கிப்போடப் போனார், நான் பிடுங்கிக்கொண்டேன். கத்தி, கொறடு வைக்கிற ஸ்டீல் தட்டுகள்தான் எனக்கு மருந்துத் தொட்டி. நெகட்டிவைத் தாளின்மேல் வைத்துக் கண்ணாடியால் அமுக்கி, விளக்கை ஒரு நொடி போட்டு அணைத்துவிட்டுத் தாளை மருந்தில் போடுகிறேன். வெள்ளைத் தாள் சும்மா கிடக்கிறது. கிடக்கிறது, கிடக்கிறது... போச்சுடா என்று நினைக்கும்போது மாடிப்படியின் கைப்பிடி மட்டும் முதலில் தெரிகிறது! நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அண்ணி ஓடிவந்து கதவைத் திறக்கப் பார்த்தாள். "திறந்தா கொன்னுடுவேன்!" என்று கத்தினேன். பாவம், இப்போது ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்தாறு பேர் கேமராவோடு நடக்கிறோம். டாக்ஸி ஓட்டுகிற தம்பி, மருந்துக்கடைப் பெண், ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. நீதிபதி ஒரு படத்துக்கு அரைமணி யோசிப்பார். அதற்குள் பூனை போய்விடும். எங்கள் படங்களை ஆஸ்பத்திரி காத்திருப்பு அறையில் மே மாதம் மாட்டப்போகிறோம். அதை விட்டுவிட்டு நான் எங்கே வர? வீட்டை விற்கிற பேச்சை இன்னொரு தடவை எடுத்தாயானால் உனக்குக் கடிதமே கிடையாது.

பொம்மைக் கேமராவை உனக்கு அனுப்புகிறேன். உன் வீட்டை எடு, மருமகளை எடு. ஒவ்வொரு படத்துக்கும் பிறகு சக்கரத்தைத் திருகி, பின்னாலிருக்கும் சிவப்புக் கண்ணில் அடுத்த எண் வரும்வரை நகர்த்து. மறந்தால் படத்தின்மேல் படம் விழும். ரோல் முடிந்ததும் அதன் தாள் வாலை நக்கி ஒட்டி எனக்கு அனுப்பு. நான் கழுவுகிறேன்.

உன் அம்மா

ஏப்ரல் 19

அம்மா,

என் அறையா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் திரும்பி வந்தால் எங்கே படுப்பதாம்? படித்ததும் சுருக்கென்றுதான் இருந்தது. மாடிப்படிப் படத்தை மட்டும் மேஜையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

உன் பொம்மை இங்கே பெரிய கலாட்டா. அலுவலகத்தில் "டிபன் பாக்ஸா?" என்றார்கள். நீ சொன்னால் நம்பமாட்டாய், சனிக்கிழமை முழுக்க அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தேன். எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க முடியாமல் கை துறுதுறு என்றிருக்கிறது. ரயில் பாலம், காசு போட்டு இயந்திரத்தில் துணி துவைக்கிற கடை, என் ஜன்னல் எல்லாம் எடுத்தேன். ஒன்றிரண்டு தடவை சக்கரத்தைத் திருக மறந்திருப்பேன், திட்டாதே.

அவள் ஊரில் இல்லை, வேலை விஷயமாகப் போயிருக்கிறாள். அதனால் அவள் படம் இல்லை. ரோலை இத்துடன் அனுப்புகிறேன்.

மே முடிந்தாவது வருவாயா? மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே அம்மா.

உன் மகன்

மே 4

கண்ணா,

உன் ரோலைக் கழுவிவிட்டேன். ரயில் பாலம் பிரமாதம். சத்தியமாகச் சொல்கிறேன், நீதிபதி பார்த்தால் பொறாமையில் வெந்துபோவார். ஜன்னல் படத்தைக் காத்திருப்பு அறையில் மாட்டுவதற்கு எடுத்துவைத்துவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை.

ஒரு படம் உன் சாப்பாட்டு மேஜை. தாள் மருந்தில் கிடக்கும்போதே இரண்டு தட்டு தெரிந்தது. அவள் ஊருக்குப் போவதற்கு முன் எடுத்ததுபோல, அப்பாடா, ரெண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். உலர்ந்ததும் டாக்டரின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இரண்டு தட்டிலும் ஓரத்தில் ஒரே இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. இரண்டு ஸ்பூனும் ஒரே மாதிரி வளைந்திருக்கின்றன. தட்டுக்குள்ளேயே மேஜையின் கோடுகள் தெரிகின்றன. நீ சக்கரத்தைத் திருகாமல் ஒரே தட்டை இரண்டு தடவை எடுத்திருக்கிறாய்.

அங்கே ஒரு தட்டுதான் இருக்கிறது.

அவள் எப்போதுடா போனாள்? "தூங்குறாம்மா", வேலை அதிகம், ஊரில் இல்லை என்று நீ சொன்னதையெல்லாம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் கேமராப் பைத்தியத்தில் உன் குரலை நான் சரியாகக் கேட்கவே இல்லை. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உன்மேலும் கோபம், என்மேலும் கோபம். உண்மையை எழுது.

அம்மா

மே 17

அம்மா,

போன வருடமே போய்விட்டாள். அடிதடி, கூச்சல் எதுவும் இல்லை. வேறு ஊரில் வேலை கிடைத்தது, போனாள், அங்கேயே இருந்துவிட விரும்புவதாகச் சொன்னாள். விவாகரத்துப் பத்திரத்தில் இரண்டு பேரும் கையெழுத்தும் போட்டாயிற்று. உன்னிடம் சொல்ல நாலைந்து தடவை வாயெடுத்தேன். முதலில் நீ அப்பா போன துக்கத்தில் இருந்தாய்; பிறகு கேமரா வந்து பழைய மாதிரி சிரிக்க ஆரம்பித்துவிட்டாய். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் வரச்சொன்னேன் என்பது பொய். வீட்டுக்குள் நுழைந்தால் பேச ஆளில்லை அம்மா. அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு அடித்துப்பிடித்துக் கிளம்பி வராதே. உன் படங்களை மாட்டு. பாவம் என்று வந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும். நான் சமாளித்துக்கொள்வேன்.

உன் மகன்

மே 31

என் ராசாவுக்கு,

சமாளிக்கிற முகரையைப் பார். அடுத்த வரிக்கே உன் கையெழுத்து கோணிக்கொண்டு போகிறது.

படங்களை மாட்டியாயிற்று! நான் பெயர் கூப்பிடுகிறேன், ஒருவரும் எழுந்து வரவில்லை. பல் வலியோடு வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறார்கள். உன் ஜன்னலுக்கு முன்னால்தான் கூட்டம். "யார் எடுத்தது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "என் பிள்ளை" என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

நான் வருகிறேன். மூன்று மாதம். வீடு விற்பனைக்கு இல்லை, வேலையையும் விடவில்லை. டாக்டரிடம் விடுப்புச் சொல்லிவிட்டேன். பாவம் பார்த்து வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் ரயில் பாலத்தை நான் நேரில் பார்த்தாக வேண்டும். ஒருநாள் நான் சமைப்பேன், ஒருநாள் நீ சமைக்க வேண்டும். அழவேண்டுமானால் தாராளமாக அழு, நான் பக்கத்தில் இருப்பேன். "எல்லாம் சரியாப் போயிடும்"னு சொல்லி உன் உயிரை எடுக்கமாட்டேன்.

ஒன்று தெரிந்தாக வேண்டும். உன் குளியலறையில் ஜன்னல் இருக்கிறதா? இல்லையென்றால், பட்டப்பகலில் உள்ளே போய்க் கதவிடுக்கில் துண்டை அடைத்து விளக்கை அணை. கண் பழகும்வரை அசையாமல் நில். பிறகு கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார். கை தெரிந்தால் ஃபிலிம் கழுவ அந்த இருட்டு எனக்குப் போதாது. பதில் வந்தபிறகுதான் டிக்கெட்.

அம்மா

ஜூன் 14

அம்மா,

ஜன்னல் இல்லை. நீ சொன்னபடியே மத்தியானம் உள்ளே போய் நின்றேன். முதலில் சாவித் துவாரத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சம் வந்தது. வெளியே வந்து டேப் ஒட்டினேன். மறுபடி நின்றேன். கதவுக்கு மேலே ஒரு கோடு தெரிந்தது, அதற்கும் ஒட்டினேன். மூன்றாவது தடவை விளக்கை அணைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றாகவே அழுதேன். இந்த வீட்டில் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அழுது முடித்துவிட்டுக் கையை நீட்டிப் பார்த்தேன். மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே கொண்டுவந்தேன். நான் போட்ட கூச்சலில் மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார்.

கை தெரியவில்லை அம்மா. கிளம்பி வா.

உன் மகன்