கொட்டிப்போன பூச்சி மருந்து

மருதம்மா,

உன் தம்பி காளிமுத்துவுக்கு நான் கொண்டுவந்த வயிற்றுப் பூச்சி மருந்தை நீ கொட்டிவிட்டாய் என்று நேற்று கத்தினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அதுதான் கடைசிப் புட்டி. "கொணமானா சயாம் ரயிலு போடப் புடிச்சிட்டுப் போயிருவானுங்க" என்று நீ அழுதது என் காதில் ஏறவில்லை. இன்று ஜப்பான்காரன் லாரி வருகிறதாம். ஆள் பொறுக்கும்போது கூட நிற்க, மருந்து கட்டும் டிரஸ்ஸர் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பூச்சி ரத்தம் குடித்து வெளுத்தவனைத் தள்ளிவிடுவார்கள். தம்பி அப்படியே வந்து வரிசையில் நிற்கட்டும்.

மரவள்ளிக்கிழங்கு சட்டியில் இருக்கிறது. நம் பிள்ளையை வெறுங்காலோடு வெளிக்குப் போக விடாதே. அவளுக்குப் பூச்சி வேண்டாம்.

ஒன்று சொல்லவில்லை. ரயில் வேலைக்கு ஆஸ்பத்திரி ஆளையும் எடுக்கிறார்களாம். போன மாதம் எல்லார் மலத்தையும் சோதித்தபோது என்னுடையதையும் பார்த்தேன். ஒரு பூச்சி முட்டைகூட இல்லை.