காலி சமையலறைப் படம்

அன்புத் தங்கைக்கு,

உன் சிநேகிதியிடம் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கினேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

அம்மாவின் வீட்டை விற்பதாக இருந்தோம். வாங்குகிறவருக்குக் காட்ட நேற்று ஒவ்வொரு அறையையும் படம் பிடித்தேன். சாமான்களை எப்போதோ ஒழித்தாயிற்று, எல்லாமே காலி.

இன்று காலை எங்கள் ஸ்டுடியோ இருட்டறையில் பிரிண்ட் போட்டேன். மருந்துத் தட்டில் கிடந்த தாளில் சமையலறை மெல்லத் தெரிந்தது. முதலில் ஜன்னல், பிறகு மேடை, அப்புறம் பின்கதவுப் பக்கம் நீ. முடியைக் குட்டையாக வெட்டிக் கண்ணாடி போட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி சாதாரணமாக நிற்கிறாய். பதினொரு வருஷமாக நான் உன்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி போடுகிறாயா என்றுகூட எனக்குத் தெரியாது.

உன் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பழைய பிலிமா இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு" என்றார்.

"இல்லைங்க, புது ரோல். நான்தான் பிரிச்சுப் போட்டேன்."

அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "அவளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இன்னும் இரண்டு பிரிண்ட் போட்டேன். இரண்டிலும் இருக்கிறாய். உன் பழைய நம்பருக்கு அடித்தேன், வேறு யாரோ எடுத்தார்கள்.

அம்மா போன அன்று, கடைசியாக அவள் முகம் பார்க்க நீ அந்தப் பின்கதவைத்தான் தட்டினாய். உள்ளே திறக்காமல் நின்றது நான். சத்தமே கேட்கவில்லை என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். கேட்டது.

வீட்டை இப்போது விற்கவில்லை என்று வாங்க இருந்தவரிடம் சொல்லியாயிற்று. நீ ஒரு வரி எழுது, போதும். திட்டி எழுதினாலும் சரி, உன் கையெழுத்தில் இருக்கட்டும்.

அக்கா